375 டிகிரி என்றால் எந்த டிகிரி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளியான போர்க் சாப்ஸ் செய்முறையைப் படித்துவிட்டு இக்கடிதத்தை எழுதுகிறேன். பன்றி இறைச்சித் துண்டுகளின் மேல் மசாலா கலந்த ரொட்டித் தூளைப் பூசி, எண்ணெயில் பொரிக்காமல் ஓவனில் வைத்துச் சுட்டெடுக்கும் இந்தப் பண்டம், நான் இருபத்தாறு ஆண்டுகளாக வாழ்ந்துவரும் அயோவா மாநிலத்தில் சாதாரண வாரநாள் இரவுச் சாப்பாடு. மனிதர்கள் ஏறத்தாழ 32 இலட்சம் பேரும் பன்றிகள் இரண்டு கோடிக்கு மேலும் இருக்கிற மாநிலம் இது. அமெரிக்காவில் மிக அதிகமாகப் பன்றி வளர்ப்பதும் இங்கேதான். பதினெட்டு ஆண்டுகள் ஒரு பள்ளிக்கூடத்தின் உணவுக்கூடத்தில் சமையல் பணி செய்து ஓய்வு பெற்றவள் நான். நான் கைப்பழக்கமாகக் கற்றுக்கொண்ட ஒரு பண்டத்துக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று அரைப் பக்கம் ஒதுக்கியிருப்பதைக் கண்டு மகிழ்ந்தேன். ஆயினும், அச்சாகியிருக்கும் செய்முறையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுகிறவருக்குக் கருகிய மேற்பூச்சும் கட்டை போன்ற கறியுமே கிடைக்கும் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இது ஊகமன்று. நாகர்கோவிலில் இருக்கும் என் தங்கை அந்தப் பக்கத்தை வெட்டிவைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை செய்துபார்த்தாள். ‘ஓவனை 375 டிகிரியில் முன்கூட்டியே சூடாக்கவும்’ என்று செய்முறை சொல்கிறது. அவள் வீட்டு ஓ.டி.ஜி. அடுப்பின் குமிழ் 250-க்கு மேல் திரும்பாது. திரும்பிய மட்டும் திருப்பிவைத்து ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கிறாள். அமெரிக்காவில் ஓவன் வெப்பத்தை இன்றும் பாரன்ஹீட் அளவில்தான் சொல்கிறார்கள். 375 பாரன்ஹீட் என்பது 190 செல்சியஸ். 250 செல்சியஸோ 480 பாரன்ஹீட்டுக்கும் மேல். அந்தச் சூட்டில் ஒரு மணி நேரம் கிடந்த ரொட்டித் தூள் என்ன நிறம் ஆகியிருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. எந்த அளவுகோல் என்ற ஒரு சொல்லை விட்டதால் நேர்ந்தது இது.

அதே மொழிபெயர்ப்பில் வேறு இரண்டு சறுக்கல்களும் உள்ளன. முதலாவது, போர்க் சாப் என்பதற்குத் ‘தொடைக்கறித் துண்டு’ என்று எழுதியிருப்பது. சாப் என்பது தொடையிலிருந்து வருவதன்று; முதுகெலும்பை ஒட்டி இருபுறமும் நீளமாக ஓடும் சதையை, விலா எலும்போடோ தண்டெலும்பின் துணுக்கோடோ சேர்த்துக் குறுக்கே வெட்டும் துண்டு. ஆட்டுக்கறிக் கடையில் சாப்ஸ் கேட்டு வாங்கிப் பழகியவர்களுக்கு இது தெரிந்ததே. கடைக்காரரிடம் தொடைக்கறி என்று கேட்டால் அவர் தொடைக்கறியையே தருவார். அது வேறு நார், வேறு வேகும் நேரம். இரண்டாவது, உப்பு. மூலச் செய்முறையில் இருந்திருக்கக்கூடியது கோஷர் உப்பு எனப்படும் பெரும்படிகமான, இலேசான உப்பு. ஒரு கரண்டி கோஷர் உப்பின் எடை, அதன் வகையைப் பொறுத்து, ஒரு கரண்டி தூள் உப்பின் எடையில் பாதியாகவே கூட இருக்கும். அதை வெறும் ‘உப்பு’ என்று மாற்றிவிட்டு அதே கரண்டிக் கணக்கை அச்சிட்டால் பண்டம் வாயில் வைக்க முடியாத அளவுக்குக் கரிக்கும். அமெரிக்கச் செய்முறைகளைத் தமிழில் தருகிறவர்கள் உப்பைக் கிராமில் எழுதுவதே வாசகருக்குப் பாதுகாப்பு.

இவை திருத்தத்தில் சரியாகிவிடக்கூடியவை. என் முக்கியமான மறுப்பு, செய்முறையின் நடுவில் இருக்கும் ஒரு வாக்கியத்தைப் பற்றியது: ‘இளஞ்சிவப்பு நிறம் முற்றிலும் மறையும் வரை சுமார் ஒரு மணி நேரம் வேகவிடவும்.’ அங்குல கனமுள்ள ஒரு துண்டை 190 செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தால் அதில் சாறு என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. மறுபுறம், பச்சை ரொட்டித் தூளைப் பூசி, கறி பதமாக வேகும் நேரத்தில் வெளியே எடுத்தாலோ பூச்சு வெளுத்து, ஈரமாக, ஊறிய ரொட்டி போல ஒட்டிக்கொண்டிருக்கும். மேற்பூச்சு கேட்பது ஒரு சூடு. உள்ளே இருக்கும் கறி கேட்பது வேறொரு சூடு. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓவனுக்குள் அனுப்பிவிட்டு, ஒன்று சரியாகும் வரை காத்திருந்து மற்றதைக் கெடுப்பதுதான் பெரும்பாலான செய்முறைகளின் கோளாறு. இந்தப் பண்டத்தைப் பற்றி நான் சொல்ல விரும்புவதெல்லாம் இதற்குள் அடங்கும்.

ஒரு மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பன்றி இறைச்சியில் டிரைக்கினெல்லா என்னும் உருளைப்புழுவின் இளம்புழுக்கள் சதைக்குள் சுருண்டிருக்கக்கூடும். அரைவேக்காட்டில் தின்றால் அவை மனிதரின் தசைகளுக்குள் குடியேறும். 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 400 பேர் இந்நோயால் பாதிக்கப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது. மிச்சம் மீதிகளையும் இறைச்சிக் கழிவுகளையும் வேகவைக்காமல் பன்றிகளுக்குப் போட்டதே இதற்கு முக்கியக் காரணம். அந்த அச்சத்தில் வளர்ந்த ஒரு தலைமுறை, பன்றிக்கறியை வெந்த பிறகும் வேகவிட்டது. பின்னர் வேகவைக்காத கழிவைத் தீவனமாகப் போடுவதை 1980-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. பன்றிகள் கொட்டகைக்குள் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் தின்று வளரத் தொடங்கின. இப்போது இங்கே அந்நோய் ஆண்டுக்கு இருபது பேருக்கும் குறைவாகவே வருகிறது. அவர்களிலும் பலர் கரடி போன்ற வேட்டை விலங்குகளின் கறியைத் தின்றவர்கள். நோய் குறைந்துவிட்டது, சமையற்குறிப்புகளில் அந்தப் பழைய அச்சம் மட்டும் போகவில்லை. அப்புழு ஏறத்தாழ 58 செல்சியஸிலேயே செத்துவிடும் என்பது இதில் வேடிக்கையான செய்தி.

இன்னொரு மாற்றமும் சேர்ந்துகொண்டது. பழைய நாளில் பன்றியைக் கொழுப்புக்காகவே வளர்த்தார்கள். அதன் கொழுப்பே வீட்டுச் சமையல் எண்ணெய். தாவர எண்ணெய்கள் பரவியபின் கொழுப்புக்கு மதிப்பு போய், மெலிந்த உடல்வாகுள்ள பன்றிகளைத் தேர்ந்து வளர்க்கத் தொடங்கினர். 1987-இல் பன்றி வளர்ப்போர் அமைப்பு ‘மற்றொரு வெள்ளை இறைச்சி’ என்று கோழிக்கறிக்குப் போட்டியாக விளம்பரம் செய்ததும் அந்தப் போக்கின் ஒரு பகுதிதான். 1991-ஆம் ஆண்டோடு ஒப்பிடும்போது வழக்கமான ஆறு வகைத் துண்டுகளில் சராசரியாக 16 விழுக்காடு கொழுப்பு குறைந்திருப்பதாக அமெரிக்க வேளாண் துறையின் 2006-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. சதைக்குள் கொழுப்பு நிறைந்திருந்த காலத்தில் ஒரு மணி நேரத்தைத் தாங்கிய அதே துண்டு, இன்று அதைத் தாங்காது. பாட்டி காலத்துக் குறிப்பை இன்றைய கறியில் பயன்படுத்துகிறவர்கள் தங்கள் கைப்பக்குவத்தை நொந்துகொள்கிறார்கள், பிழை அவர்களுடையதன்று.

நம்மவர்களுக்கு இது எளிதில் மனத்தில் பதியாது என்பதற்கு நானே சாட்சி. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குப் பன்றிக்கறி குழம்பு வைக்கும்போது அம்மா அதை இரண்டு மணி நேரம் அடுப்பில் வைத்திருப்பார். வைக்க வைக்கத்தான் மிருதுவாகும். எலும்பும் கொழுப்பும் தோலும் சவ்வும் கலந்த முன்சப்பைக் கறிக்கு அது முற்றிலும் பொருந்தும். அதிலுள்ள சவ்வு நீண்ட நேரச் சூட்டில் இளகிப் பசை போலாகி, குழம்புக்கும் கனம் சேர்க்கும். முதுகுச் சதையிலோ அப்படி இளகுவதற்குச் சவ்வு மிகக் குறைவு. 50 செல்சியஸ் அளவில் அதன் புரதங்களில் ஒரு பகுதி இறுகத் தொடங்கும். அதனால் பச்சைத்தன்மை போய்க் கறிக்கு ஒரு பிடிப்பு வரும். 66-ஐத் தாண்டினால் அடுத்த பகுதியும் இறுகி, ஈரத்துணியைப் பிழிவது போல உள்ளிருக்கும் சாற்றை வெளியே தள்ளும். 75-க்கு மேல் போனபின் எவ்வளவு நேரம் வைத்தாலும் அது மிருதுவாகப் போவதில்லை, உலரவே செய்யும். நான் இங்கு வந்த முதல் ஆண்டில், அம்மாவின் வழக்கத்தை நம்பி, இன்னும் சற்று இருக்கட்டும் இன்னும் சற்று இருக்கட்டும் என்று வைத்தெடுத்த சாப்ஸை என் கணவர் கத்தியால் அறுக்க முடியாமல், ஒன்றும் பேசாமல் கையால் எடுத்துக் கடித்துத் தின்றார்.

2011-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க வேளாண் துறை தன் பரிந்துரையைத் திருத்தியது. முழுத் துண்டுகளான பன்றிக்கறிக்கு அதுவரை 71 செல்சியஸ் என்று இருந்ததை 63 செல்சியஸ் என்று குறைத்து, அடுப்பிலிருந்து எடுத்தபின் மூன்று நிமிடம் ஆறவிட வேண்டும் என்று சேர்த்தது. கொத்துக்கறிக்கு 71 என்பது அப்படியே நிற்கிறது. எங்கள் பள்ளி உணவுக்கூடத்தில் ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு துண்டில் வெப்பமானி ஊசியைச் செலுத்தி, அளவையும் நேரத்தையும் ஏட்டில் குறித்துக் கையெழுத்திட வேண்டும். கண்ணால் பார்த்து ‘வெந்துவிட்டது’ என்று சொல்ல அங்கே எவருக்கும் அனுமதி இல்லை. அது சரியான விதி என்பதை அனுபவத்தில் உணர்ந்தேன். ஏனெனில் நிறம் நம்பத்தக்க சாட்சியன்று. சில துண்டுகள் 71-ஐத் தாண்டியபின்னும் எலும்பருகே இளஞ்சிவப்பாகவே இருக்கும், சில துண்டுகள் வேண்டிய சூட்டை அடையும் முன்பே வெளுத்துவிடும். ஆகவே ‘இளஞ்சிவப்பு மறையும் வரை’ என்ற அறிவுரை சுவையையும் காக்காது, உடல்நலத்தையும் காக்காது. ஊசியைத் துண்டின் மேலிருந்து குத்தாமல், பக்கவாட்டிலிருந்து நடுச்சதை வரை, எலும்பைத் தொடாதபடி செலுத்த வேண்டும்.

இனி மேற்பூச்சு. கட்லெட்டை முட்டையில் தோய்த்து ரஸ்க் தூளில் புரட்டி எண்ணெயில் போட்டால் மூன்று நான்கு நிமிடங்களில் பொன்னிறமாகிவிடுகிறதே, அதே தூள் ஓவனில் இருபது நிமிடமானாலும் ஏன் சிவப்பதில்லை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். காய்ந்த எண்ணெய் 175, 180 செல்சியஸில் பொருளின் எல்லாப் பக்கத்தையும் தழுவிக்கொண்டு சூட்டை மிக விரைவாக அதற்குள் ஏற்றிவிடும். சூடான காற்று அவ்வாறு ஏற்றாது. ஒரே சூட்டிலுள்ள ஓவனுக்குள் கையை விட்டு எடுக்கலாம், எண்ணெய்க்குள் விட முடியாது என்பதே இதற்குப் போதிய விளக்கம். மேலும், பூச்சில் ஈரம் இருக்கும்வரை அந்த ஈரம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதனால் பூச்சின் சூடு 100 செல்சியஸை ஒட்டியே நின்றுவிடும். சிவந்து மணம் வருவதற்கு அதைவிட மிக உயர்ந்த சூடு வேண்டும். ஈரம் முழுதும் வற்றி, பிறகு சிவந்து முடிவதற்குள் உள்ளிருக்கும் கறி 80-ஐக் கடந்திருக்கும். ஆகவே பூச்சைக் கறியின் மேல் வைத்துச் சிவக்க வைக்க முயலக் கூடாது. சிவக்க வைத்தபின் கறியின் மேல் வைக்க வேண்டும்.

அதாவது, ரொட்டித் தூளை முன்னதாகவே தனியாக வறுத்துக்கொள்ள வேண்டும். நான்கு துண்டுகளுக்கு நான்கு ரொட்டித் துண்டங்கள் போதும். ஒருநாள் பழைய வெள்ளை ரொட்டியைப் பிய்த்து மிக்ஸியில் இரண்டு மூன்று முறை விட்டு விட்டு ஓடவிட்டு, மாவாகாமல் பரபரவென்று உடைத்துக்கொண்டு, இரண்டு மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெயோ எண்ணெயோ விட்டுப் பிசிறி, தட்டில் பரப்பி 175 செல்சியஸில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம், நடுவில் ஒருமுறை கிளறிவிட்டு வறுத்தால் தேன் நிறம் வரும். வாணலியில் இளந்தீயில் ரவை வறுப்பது போல வறுத்தாலும் குற்றமில்லை. உண்மையில் எனக்கு அதுவே பிடித்திருக்கிறது, ஏனெனில் நிறத்தைக் கண்ணெதிரே பார்த்துக்கொள்ளலாம். வெண்ணெய் தூளுக்குள் ஏறியிருப்பதால் ஓவனில் அது காய்ந்த மண் போல ஆகாமல் மொறுமொறுப்பாகவே இருக்கும்.

எந்தத் தூள் என்பதில் இங்கே வீட்டுக்கு வீடு ஒரு கட்சி உண்டு. எங்கள் தெருவில் இருந்த ஒரு மூதாட்டி, எனக்கு இதைக் கற்றுத்தந்தவர், உப்புப் பிஸ்கட்டை உருளைக்கட்டையால் நொறுக்குவார். அவர் மருமகள் கார்ன் ஃப்ளேக்ஸ் நொறுக்குவார். இருவரும் மற்றவர் செய்ததைப் பாராட்டி நான் கேட்டதில்லை. 1965-இல் ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனம் ‘ஷேக் அண்ட் பேக்’ என்ற பெயரில், பையில் போட்டுக் குலுக்கிப் பூசும் மசாலாத் தூளை விற்பனைக்குக் கொண்டுவந்தபின் பல வீடுகளில் அதுவே பழக்கமாகிவிட்டது. அத்தகைய பொட்டலத் தூள்கள் ஏற்கெனவே உலர்ந்து நிறமேறியவை என்பதைக் கவனித்தால் நான் மேலே சொன்ன விதி புதிதன்று என்பது விளங்கும். ஜப்பானியரின் பான்கோ தூள் மேலோடில்லாத ரொட்டியிலிருந்து செதில் செதிலாக எடுக்கப்படுவது. வறுத்துப் போட்டால் மிக நன்றாக இருக்கும். தமிழ்நாட்டில் எளிதாகக் கிடைக்கும் ரஸ்க்கும் பொருத்தமானதே; அது இருமுறை சுட்ட ரொட்டிதானே. ஆனால் இனிப்பு ரஸ்க் வேண்டாம். சர்க்கரை உயர்ந்த சூட்டில் எளிதில் கருகும். தூளையும் கட்லெட்டுக்குப் பொடிப்பது போல நைசாகப் பொடிக்காமல் கொரகொரப்பாக விட வேண்டும்.

சுவை சேர்ப்பதில் தங்கள் செய்முறை கொடுத்திருக்கும் பட்டியல் நல்ல பட்டியல்தான்: பூண்டுத் தூள், வெங்காயத் தூள், பாப்ரிக்கா, மிளகு, தைம், உலர்ந்த சேஜ் இலை, துருவிய பார்மெசான் சீஸ். பன்றிக்கறிக்கும் சேஜுக்கும் உள்ள உறவு, நம்மூரில் மீனுக்கும் புளிக்கும் உள்ளதைப் போன்றது. வேறு எதை விட்டாலும் அதை விட வேண்டாம் என்பேன். பாப்ரிக்கா காரத்துக்காக அன்று, நிறத்துக்காகவும் இலேசான இனிப்புக்காகவும் சேர்ப்பது. அதன் இடத்தில் குண்டூர் மிளகாய்த்தூளை அதே அளவு போட்டுவிடக் கூடாது, காஷ்மீரி மிளகாய்த்தூள் போடலாம். நான் வேறுபடுவது இவற்றை எப்போது சேர்ப்பது என்பதில். ரொட்டித் தூளோடு சேர்த்தே வறுத்தால் பூண்டுத் தூள் கசந்துபோகும். தூள் வறுபட்டு ஆறியபின் கலக்க வேண்டும். சீஸும் அப்போதுதான். சீஸிலேயே உப்பு இருப்பதால் தூளில் உப்பைக் குறைத்துக்கொண்டு, கறிக்குள் உப்பை ஏற்றுவதுதான் முறை.

அதற்கு ஊறவைத்தல் உதவும். ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் 50 கிராம் தூள் உப்பும் 25 கிராம் சர்க்கரையும் கரைத்து, துண்டுகளை மூழ்கவிட்டு, குளிர்பெட்டியில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். அதற்கு மேல் வேண்டாம். உப்பு சதைநாரை இளக்கி, வேகும்போது அதிக நீரைப் பிடித்துவைக்கும்படி செய்கிறது. இங்குள்ள அங்காடிகளில் விற்கும் சில பொட்டலங்களில் ஏற்கெனவே உப்புநீர் ஊசியால் ஏற்றப்பட்டிருக்கும். உறையில் சிறிய எழுத்தில் அது குறிப்பிடப்பட்டிருக்கும். அவற்றை மறுபடி ஊறவைத்தால் உப்புக்கண்டம் ஆகிவிடும். ஊறியபின் துணியாலோ காகிதத்தாலோ ஈரம் சொட்டாமல் ஒற்றியெடுப்பதில் சோம்பல் கூடாது.

பூச்சு உரிந்து தட்டிலேயே நின்றுவிடுகிறது என்பது எல்லோரும் சொல்லும் குறை. கத்தி நுனியால் துண்டின் இரு பக்கமும் மிக மேலாக, குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டு, மைதாவில் புரட்டி அதிகப்படியைத் தட்டிவிட வேண்டும். மைதா மேலீரத்தை உறிஞ்சி முட்டைக்குப் பிடிமானம் தரும். முட்டையைத் தனியாக அடித்துத் தோய்த்தால் வழுக்கும். ஒரு முட்டையோடு ஒரு மேசைக்கரண்டி கடுகு சாஸும் ஒரு மேசைக்கரண்டி மயோனைசும் கலந்தால் பசை போலக் கனமாகிப் பிடித்துக்கொள்ளும், கடுகின் சுறுசுறுப்பும் சேரும். அதன்பின் தூளில் வைத்து இரு கையாலும் அழுத்த வேண்டும். பூசியவுடன் ஓவனுக்குள் தள்ளாமல் பத்து நிமிடம் கம்பித் தட்டின் மேல் விட்டுவைத்தால் எல்லாம் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். துண்டின் ஓரத்தில் கொழுப்புப் பட்டை இருந்தால் பூசும் முன்பே அதை இரண்டு இடங்களில் வெட்டிவிட வேண்டும்; இல்லாவிட்டால் சூட்டில் பட்டை சுருங்கித் துண்டைக் கிண்ணம் போல வளைத்துவிடும்.

தங்கள் செய்முறை துண்டுகளை எண்ணெய் தடவிய தட்டில் நேரடியாக அடுக்கச் சொல்கிறது. அப்படி அடுக்கினால் கசியும் சாறு அடியில் தேங்கி, மேற்பக்கம் மொறுமொறுப்பாகவும் அடிப்பக்கம் கூழாகவும் இருக்கும். தட்டின் மேல் ஒரு கம்பி வலைத் தட்டை வைத்து அதன் மேல் அடுக்கினால் சூடான காற்று அடியிலும் போய்வரும். பூச்சு ஏற்கெனவே சிவந்திருப்பதால் ஓவனை 220 செல்சியஸ், அதாவது 425 பாரன்ஹீட் வரை தயங்காமல் ஏற்றலாம். அங்குல கனமுள்ள எலும்புத் துண்டுக்குப் பதினேழு முதல் இருபத்தைந்து நிமிடம் ஆகும். பதினைந்தாவது நிமிடத்திலிருந்தே வெப்பமானியைப் பயன்படுத்த வேண்டும். நடுவில் 60-ஐக் காட்டியதும் வெளியே எடுத்து, வலைத் தட்டிலேயே ஐந்து நிமிடம் விட்டால் உள்சூடு தானாகவே 63-க்கு ஏறிக்கொள்ளும். ஏறியதா என்று மறுபடி ஊசியை விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். தட்டத்தால் மூடிவைக்கக் கூடாது. ஆவியில் பூச்சு நமத்துவிடும். அரை அங்குல மெல்லிய துண்டுகளில் இந்த வித்தை பலிக்காது, பத்து நிமிடத்திலேயே வெந்துவிடும். கடைக்காரரிடம் கனமாக வெட்டித் தரச் சொல்லிக் கேட்டே வாங்க வேண்டும். இங்கே ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையாமல் வெட்டிய துண்டுக்கு ‘அயோவா சாப்’ என்றே பெயர்.

இவ்வளவும் சொன்னபின் ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 63 செல்சியஸ் என்பது, கொட்டகைக்குள் வளர்ந்து, அரசு ஆய்வாளர் பார்வையில் அறுக்கப்பட்ட இவ்வூர்க் கறிக்கு வகுக்கப்பட்ட பரிந்துரை. தமிழ்நாட்டில் கறி எங்கே வளர்ந்தது, எப்படி அறுக்கப்பட்டது என்பது வாங்குகிறவருக்குத் தெரியாத இடங்களில், நாடாப்புழுவின் அச்சமும் இருப்பதால், 71 செல்சியஸ் வரை கொண்டுபோகும்படியே நான் என் தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். உப்புநீரில் ஊறிய துண்டு 71-லும் உண்ணத்தக்கதாகவே இருக்கும். சற்றுச் சாறு குறையும், அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துக்கும் அதற்கும் பெருந்தூரம் உண்டு. பன்றிக்கறி தின்றால் மூளையில் புழு ஏறும் என்று நம்மூரில் பொதுவாகச் சொல்வார்கள். நன்கு வேகாத கறியால் வருவது குடலில் நாடாப்புழு. மூளைக்குச் செல்லும் நீர்க்கட்டி, அப்புழு குடலில் உள்ள மனிதரின் மலத்திலிருந்து வெளிப்படும் முட்டைகள் கைவழியாகவும் கழுவாத காய்கறி வழியாகவும் வாய்க்குள் போவதால் வருவது. கறியே தொடாதவருக்கும் அது வரலாம். சமையலறையில் கையைக் கழுவுவதும் கறி வெட்டிய பலகையைத் தனியாக வைப்பதும் அடுப்பின் சூட்டைப் போலவே முக்கியம் என்பதால் இதைக் குறிப்பிட்டேன்.

தங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. செய்முறையை முழுவதும் மறுபடி வெளியிட இடம் இல்லையென்றால், அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு பெட்டிச் செய்தியாகவேனும், 375 என்பது பாரன்ஹீட் என்றும், துண்டு முதுகுச் சதையிலிருந்து வருவது என்றும், ரொட்டித் தூளை முன்னரே வறுத்துக்கொள்ள வேண்டும் என்றும், ஒரு மணி நேரம் என்பதற்குப் பதிலாக உள்சூட்டின் அளவையும் அச்சிட்டுத் தாருங்கள். என் தங்கை வெப்பமானி வாங்கிவிட்டாள். வருகிற ஞாயிறு மாலை மறுபடியும் செய்யப்போவதாகச் சொன்னாள். நான் தொலைபேசியில் சொன்னதை அவள் நம்பவில்லை. பேப்பரில் வந்தால் நம்புவாளாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
டி மொயின், அயோவா மாநிலம், அமெரிக்கா